கெல்வின் பிரபுவும் கடலடித் தந்தியும்

உலகத்தில் தோன்றி மறைந்த பெரியோருள் நூலறிவிற் சிறந்தாரும் உளர். கைத்தொழிலில் வல்லாரும் உளர். நூலறிவும் கைத்திறனும் ஒருங்கே வாய்க்கப்பெற்று, தாம் கற்ற கல்வியை மக்களின் அன்றாட வாழ்விற்குப் பயன்படுத்தினோர் மிகச் சிலரேயாவர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர், கெல்வின் பிரபு என்று போற்றப்பெறும் வில்லியம் தாம்ஸன் ஆவர். பௌதிக சாஸ்திரம் பயிலும் நம் மாணவர்கள் இவர் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். வெப்பநிலையைக் குறிக்கும் அளவை இவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும், அளவையின் பெயராகிவிட்ட அம்மனிதரின் வாழ்க்கை வரலாற்றை அறிந்தார் நம்மில் அதிகம் பேர் இலர். செம்புக் கம்பியாலும் ஒளியிழையாலும் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இந்நாளில், கம்பிக்கும் தூரத்திற்கும் ஏற்ற கருவியைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்னும் வினா நம் கலாசாலைகளிலும் எழுகின்றது. அவ்வினாவைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தோருள் முன்னோடி இவரே. ஆதலின் இவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

தாம்ஸன் 1824-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். இவர் தந்தையார் ஜேம்ஸ் தாம்ஸன் அந்நகரத்துக் கல்விச்சாலை ஒன்றில் கணித ஆசிரியராய் விளங்கியவர். இவருக்கு ஆறு வயது நிரம்புமுன்னரே அன்னையார் இறந்தனர். அது முதல் தந்தையே தாயுமாகித் தம் மக்களுக்குத் தாமே பாடஞ் சொல்லி வளர்த்து வந்தார். 1832-ல் தந்தையார் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராய் அமர்ந்தபோது, குடும்பம் முழுவதும் அந்நகரத்திற்குக் குடியேறிற்று. 1834-ல் வில்லியம் அச்சர்வகலாசாலையில் மாணவராகப் பதிவு பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பத்து!

பதினாறாம் வயதில் இவர் கைக்கு ஒரு நூல் கிட்டியது. பிரெஞ்சுப் பேரறிஞராகிய பூரியர் என்பார், வெப்பம் ஒரு பொருளினூடே பரவும் முறையைக் கணிதத்தால் விளக்கிய நூல் அது. தாம்ஸன் அதனை இரண்டு வாரத்தில் கற்று முடித்தார். அந்நூலில் பிழையுண்டென்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்ததைக் கண்டு, பிழையில்லை என நிலைநாட்டிக் கட்டுரை ஒன்று வரைந்தார். 1841-ல் புனைபெயருடன் கணித சஞ்சிகை ஒன்றில் அது வெளிவந்தது. ஓர் இரும்புத் துண்டின் ஒரு முனையைச் சுடவைத்தால் மறுமுனைக்குச் சூடு எவ்வாறு மெல்ல மெல்லச் சென்று சேரும் என்பதை ஆராயும் இக்கணிதம், பின்னாளில் கடலடியில் கிடக்கும் கம்பிக்கும் பொருந்தும் என்று அன்று யாரும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

1841-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த பீட்டர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணிதத்தில் மட்டுமன்றிப் படகு வலித்தலிலும் பரிசு பெற்றார். இன்னிசையிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். 1845-ல் நடந்த கணிதப் பரீக்ஷையில் இவரே முதல்வராய் வருவர் என எல்லோரும் எதிர்பார்த்திருக்க, இரண்டாமிடமே கிடைத்தது. இவர் மனந்தளர்ந்தாரல்லர். அதனையடுத்து நிகழ்ந்த ஸ்மித் பரிசுத் தேர்வில் முதலிடம் பெற்றார். பின்னர்ப் பாரிஸ் நகரஞ் சென்று, ரெக்னோ என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் நுட்பமாக அளந்தறியும் பழக்கத்தைக் கைவரப்பெற்றார். ஏட்டுக் கல்வியோடு கைப்பழக்கமும் இவரிடம் கூடியது இங்கேதான்.

ஆசிரியப் பணி

1846-ல், தம் இருபத்திரண்டாம் வயதில், கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராய் நியமனம் பெற்றார். 1899 வரை 53 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். வேறிடங்களிலிருந்து அழைப்புகள் வந்தும், தாம் வளர்ந்த கலாசாலையை விட்டு நீங்க அவர் உடன்படவில்லை.

அக்காலத்தில் பிரிட்டனில் பௌதிக மாணவர்கள் ஆசிரியர் செய்து காட்டும் பரிசோதனைகளைப் பார்த்திருப்பரேயன்றித் தாமே செய்து பழகும் வாய்ப்புப் பெற்றிலர். தாம்ஸன் கலாசாலையின் பழைய திராட்சைரசக் கிடங்கொன்றைக் கேட்டு வாங்கி, அதனை மாணவர்களுக்குரிய ஆராய்ச்சிச் சாலையாக மாற்றினார். பிரிட்டனில் இவ்வகையில் ஏற்பட்ட முதற் சாலை அதுவே எனக் கூறுவர். நிலத்தடியில் இருள் சூழ்ந்த அவ்வறையில் இளைஞர் பலர் கம்பிகளையும் பாட்டரிகளையும் காந்தங்களையும் வைத்துக்கொண்டு அளந்து அளந்து குறித்து வந்தனர். அவர்களது உழைப்பு எத்துணைப் பயன் தந்ததென்பதைப் பின்னர்க் காண்போம்.

1848-ல் எப்பொருளையும் சாராத வெப்பநிலை அளவையை வகுத்தார். ஜூல் என்னும் அறிஞரின் கண்டுபிடிப்பைப் பலரும் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், 1847-ல் அதனைக் கேட்டு, அதன் உண்மையை உணர்ந்து, அவரோடு நட்புக் கொண்டு, வெப்ப இயக்கவியல் என்னும் பெருஞ் சாஸ்திரத்திற்கு 1851-ல் அடிகோலினார். 1852-ல் மார்கரெட் கிரம் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் நெடுங்காலம் நோயுற்றிருந்து 1870-ல் இறந்தனர்.

கடலடிக் கம்பியின் புதிர்

நிற்க. தரைமீது கம்பத்திற்குக் கம்பம் கட்டப்பெற்ற தந்திக் கம்பியில் குறிகள் தடையின்றிச் சென்றன. ஆனால் ஒரு கம்பிக்குக் காப்புறையிட்டு நீரடியில் கிடத்தியபோது விநோதமான இடர் ஒன்று தோன்றியது. ஒரு முனையில் அனுப்பிய குறி மறுமுனையில் தெளிவாய் வரவில்லை. நீண்டு, மழுங்கி, அடுத்த குறியோடு கலந்து வந்தது. இதன் காரணத்தைப் பாரடே 1854-ல் எடுத்துரைத்தார். கம்பியின் செம்பு ஒருபுறமும் கடல்நீர் மறுபுறமுமாக இருக்க, இடையிலுள்ள காப்புறை மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாத்திரம்போல் ஆகிவிடுகின்றது. பாத்திரம் நிறைந்த பின்னரே குறி முழுமையாக மறுமுனையை அடையும். அது வடிந்த பின்னரே அடுத்த குறியை அனுப்ப முடியும்.

இவ்வாண்டிலேயே தாம்ஸன் தம் நண்பர் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதங்களில் இப்புதிரைக் கணிதத்தால் விடுவித்தார். 1855-ல் அது அச்சேறிற்று. இளமையிற் கற்ற பூரியரின் வெப்பக் கணிதமே இங்கும் கை கொடுத்தது. இரும்பில் சூடு பரவுவதுபோலக் கடலடிக் கம்பியில் மின்சாரம் பரவுகின்றது. கம்பியின் நீளம் இரு மடங்கானால், குறி தாமதிக்கும் காலம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். நீளம் மும்மடங்கானால் தாமதம் ஒன்பது மடங்காகும். இதற்குப் பரிகாரமும் அவரே கூறினார். நடுவிலுள்ள செம்பின் கனத்தை மிகுத்தால் தடை குறையும். காப்புறையின் கனத்தை மிகுத்தால் தேக்கம் குறையும். நீளத்திற்கேற்ப இரண்டையும் மிகுத்தாலொழியச் சமுத்திரத்தைக் கடந்து விரைவாய்ச் செய்தி அனுப்புதல் இயலாது.

இருவேறு கொள்கை

1856-ல், அமெரிக்க வணிகராகிய ஸைரஸ் பீல்ட் என்பவரின் முயற்சியால், அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் தந்தி அமைப்பதற்குக் கம்பெனி ஒன்று ஏற்பட்டது. அதன் மின்சார அதிகாரியாய் அமர்ந்தவர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ் என்பவர். இவர் பிரைட்டன் நகரத்து வைத்தியர். மின்சாரத்தில் ஆர்வங்கொண்டு தாமே பல பரிசோதனைகள் செய்தவர். தாம்ஸனின் வர்க்க விதி வெறுங் கற்பனை என்றும், தம் பரிசோதனைகள் அதனை ஆதரிக்கவில்லை என்றும், 1856-ல் நடந்த விஞ்ஞானிகள் மகாசபையில் இவர் வாதித்தார். மெல்லிய கம்பியே போதும், மின்சாரத்தின் வேகத்தை மிகுத்து உந்தினால் எத்தூரமும் செல்லும் என்பது இவர் கொள்கை.

தாம்ஸன் அவ்வாண்டின் இறுதியில் கம்பெனியின் நிர்வாக சபையில் ஓர் உறுப்பினரானார். ஆனால் அதற்குள் கம்பி செய்ய ஆணை கொடுத்தாய்விட்டது. ஒரு கடல் மைலுக்கு 107 ராத்தல் செம்பும், மலேயா நாட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சா 261 ராத்தலும் கொண்ட கம்பி அது. தாம்ஸன் கணித்த அளவிற்கு அது போதாது. மாற்றவோ காலமில்லை, பங்குதாரர்களோ அவசரப்பட்டனர். தம் கொள்கைக்கு மாறாகச் செய்யப்பெற்ற கம்பியென்று ஒதுங்கி நில்லாமல், உள்ள கம்பியைக்கொண்டு செய்யக்கூடியது யாது என அவர் ஆராயத் தலைப்பட்டார். அவருடைய பெருமை இங்கேதான் விளங்குகின்றது.

முதலில், செம்பின் தன்மையைச் சோதித்தார். கடையில் செம்பென்று விற்பதெல்லாம் ஒரே தரத்தன என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். திராட்சைரசக் கிடங்கில் உழைத்த மாணவர்களின் அளவைகள் வேறு கதை கூறின. ஒரு செம்பு கடத்தும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியே மற்றொன்று கடத்தியது. சிறிதளவு மாசு கலந்தாலும் செம்பு தன் குணத்தை இழந்துவிடுகின்றது என்பதை 1857-ல் அவர் வெளியிட்டார். அது முதல் கம்பிக்கு வாங்கும் செம்பை அளந்து சோதித்தே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்னும் நியதி ஏற்படலாயிற்று.

இரண்டாவதாக, வாங்கும் முனைக்குரிய கருவியைப் பற்றிச் சிந்தித்தார். மெலிந்த குறியை வலிந்து பெரிதாக்குவானேன்? மெலிந்த குறியையே உணரவல்ல கருவி செய்தால் என்ன? இவ்வெண்ணத்தினின்றும் பிறந்ததே 1858-ல் அவர் உரிமைப் பத்திரம் பெற்ற கண்ணாடி கால்வனாமானி. நுண்ணிய கண்ணாடித் துண்டொன்றின் முதுகில் சிறு காந்தத் துண்டுகளை ஒட்டி, பட்டிழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச் சுருளை வைத்தார். விளக்கொளி அக்கண்ணாடியிற் பட்டுத் தெறித்து எதிரேயுள்ள அளவுகோலில் ஒரு பொட்டாய் விழும். மிகச் சிறிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி சற்றே திரும்பும். ஒளிப்பொட்டு இடமோ வலமோ நகரும். அவ்வசைவைப் பார்த்தே எழுத்துக்களை வாசிக்கலாம். ஒளிக்கு எடையில்லை, ஆதலால் ஒளியையே முள்ளாகக் கொண்ட இக்கருவிக்கு நிகரானதொன்று அன்று இருந்ததில்லை.

1858-ம் ஆண்டின் வெற்றியும் வீழ்ச்சியும்

1857-ல் செய்த முதல் முயற்சியில் கம்பி சுமார் 380 மைல் இறங்கியபின் அறுந்து கடலில் மூழ்கிற்று. 1858 ஜூனில் மீண்டும் புறப்பட்டனர். ஒயிட்ஹவுஸ் தம் உடல்நிலையைக் காட்டிக் கரையிலேயே தங்கிவிட, தாம்ஸன் ஊதியமின்றி அவர் பணியையும் ஏற்று அகமெம்னன் என்னும் கப்பலில் ஏறினார். கடும் புயலொன்று பல நாள் அலைக்கழித்தது. கம்பியின் பாரத்தால் கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சும் நிலை உண்டாயிற்று. புயல் தணிந்தபின் இறக்கிய கம்பி மும்முறை அறுந்தது. கடலில் கரைத்த பெருங்காயம்போல் பணமெல்லாம் வீணாயிற்று என்று பலர் கைவிட எண்ணினர். ஆயினும் ஜூலை 29-ந் தேதி நடுக்கடலில் அகமெம்னன், நயாகரா என்னும் இரு கப்பல்களிலிருந்த கம்பிகளின் முனைகளை மீண்டும் இணைத்து, அவை எதிரெதிர்த் திசையிற் சென்றன. ஆகஸ்ட் 5-ந் தேதி அயர்லாந்தும் நியூபவுண்ட்லாந்தும் கம்பியால் இணைந்தன.

இரு கண்டங்களும் களிப்பில் ஆழ்ந்தன. நியூயார்க் நகரில் விட்ட வாணவேடிக்கையால் நகரமண்டபத்தின் மேல்மாடமே தீப்பற்றி எரிந்தது. ஆனால் உள்ளே நிகழ்ந்தது வேறு. விக்டோரியா மகாராணியார் அனுப்பிய 98 சொற்கள் கொண்ட செய்தி போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. வாலென்ஷியா நிலையத்தில் ஒயிட்ஹவுஸ் தம் ஐந்தடி நீளமுள்ள தூண்டு சுருள்களைப் பூட்டி, ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தில் கம்பியை உந்தினார். அவர் செய்த வாங்கு கருவியோ மழுங்கி வந்த குறிகளை உணரவில்லை. தாம்ஸனின் ஒளிப்பொட்டே செய்திகளை வாசித்துத் தந்தது. ஏற்கெனவே நலிந்திருந்த காப்புறை அவ்வழுத்தத்தைத் தாங்கமாட்டாது மேலும் மேலும் கெட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் பேச்சடங்கியது. சில வாரங்களில் கம்பி முற்றிலும் மாண்டது.

அது மாளுமுன் செய்த ஒரு நன்மையைக் குறித்தல் வேண்டும். இந்தியாவில் 1857-ல் மூண்ட கிளர்ச்சியின் பொருட்டுக் கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளைப் புறப்படுமாறு பிரிட்டிஷ் அரசாங்கம் முன்னரே கட்டளையிட்டிருந்தது. அப்படைகள் வேண்டுவதில்லை என்னும் செய்தி ஆகஸ்ட் 31-ந் தேதி இக்கம்பி வழியே சென்றது. ஒரு செய்தி உரிய காலத்திற் சேர்வதன் மதிப்பை அரசாங்கம் அன்று உணர்ந்தது.

கம்பி மாண்டதற்கு ஒயிட்ஹவுஸ் ஒருவரே காரணம் என்பது நீதியன்று. கம்பி அவசரத்திற் செய்யப்பெற்றது; வெய்யிலிற் கிடந்து காப்புறை இளகிற்று; பலமுறை சுருட்டியும் விரித்தும் புண்பட்டது. ஆயினும் நோயுற்றவனை ஓட்டப் பந்தயத்தில் விட்டதுபோல, நலிந்த கம்பியில் மிகை அழுத்தத்தைச் செலுத்தியது அதன் முடிவை விரைவுபடுத்திற்று. கம்பெனியார் ஒயிட்ஹவுஸைப் பதவியினின்று நீக்கினர். அவ்வமயம் தாம்ஸன் தம் எதிராளி வீழ்ந்தார் என மகிழாமல், அவர் பொருட்டுப் பரிந்து பேசி நிர்வாகிகளின் அதிருப்திக்கும் உள்ளானார். அறிவினும் அரிய பண்பு இஃதன்றோ?

அளவைகளின் தோற்றம்

இந்தியாவிற்குச் செங்கடல் வழியாக 1859, 1860-ம் ஆண்டுகளில் இட்ட கம்பியும் விரைவிற் கெட்டொழிந்தது. இப்பெருநஷ்டங்களின் காரணத்தை ஆராய அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து அமைத்த குழு 1861-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. கம்பியை நன்கு அறிந்து செய்து, நன்கு அளந்து, அளவறிந்து மின்சாரம் செலுத்தினால் கடலடித் தந்தி வெற்றி பெறும் என்பது அதன் முடிவு. தாம்ஸன் பல்லாண்டு கூறிவந்ததும் இதுவே.

அளப்பதற்குப் பொதுவான அளவை வேண்டுமே! ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்குத் தோன்றிய கம்பிச் சுருளை வைத்துத் தடையை அளந்து வந்த காலம் அது. 1861-ல் தாம்ஸன் தூண்டுதலால் மின்சார அளவைகளை வரையறுக்க அறிஞர் குழு ஒன்று ஏற்பட்டது. இன்று நம் மாணவர்கள் ஆராய்ச்சிச் சாலையில் கையாளும் ஓம், வோல்ட் முதலிய அளவைகள் நிலைபெற்றதற்கு அக்குழுவின் உழைப்பு மூலமாகும். இதற்கிடையில், 1860-ம் ஆண்டின் குளிர்காலத்தில் பனிமீது விளையாடுகையில் வழுக்கி விழுந்து தாம்ஸனின் கால் முறிந்தது. அது முதல் வாழ்நாள் முழுதும் சற்றுக் காலை இழுத்தே நடந்தார். அதனால் அவர் உழைப்புக் குன்றவில்லை.

1866-ம் ஆண்டின் நிலைத்த வெற்றி

புதிய கம்பி தாம்ஸன் கருத்தின்படியே அமைந்தது. ஒரு கடல் மைலுக்குச் செம்பு 300 ராத்தல். காப்புறை 400 ராத்தல். முந்திய கம்பியோடு ஒப்பிட்டால் செம்பு மும்மடங்கிற்கு அண்மையில் உயர்ந்திருத்தலைக் காணலாம். இதனை முழுவதும் ஏற்றவல்லதாய் அன்றிருந்த ஒரே கப்பல் கிரேட் ஈஸ்டர்ன். 1865-ல் சுமார் 1,200 மைல் இறங்கியபின் கம்பி மீண்டும் அறுந்தது. மறுவருஷம் மற்றொரு கம்பியோடு அக்கப்பல் புறப்பட்டது. தாம்ஸனும் உடன் சென்றார். 1866 ஜூலை 27-ந் தேதி நியூபவுண்ட்லாந்திலுள்ள ஹார்ட்ஸ் கன்டென்ட் என்னும் சிற்றூரில் கம்பி கரையேறிற்று. முந்திய வருஷம் மூழ்கிய கம்பியையும் ஆழ்கடலிலிருந்து தேடியெடுத்து, இணைத்து, செப்டம்பரில் முடித்தனர். ஒன்றுக்கு இரண்டாய்க் கம்பிகள் உயிர் பெற்றன.

அக்காலை லாடிமர் கிளார்க் என்னும் பொறியியல் அறிஞர் அழகியதொரு சோதனை செய்தார். அயர்லாந்திலிருந்துகொண்டு, நியூபவுண்ட்லாந்துக் கரையில் இரு கம்பிகளின் முனைகளையும் ஒன்றாய் இணைக்கச் செய்தார். தையற்காரர் விரலில் அணியும் வெள்ளிக் கவசம் ஒன்றில் சிறிது திராவகமும் ஒரு துத்தநாகத் துண்டும் இட்டுப் பாட்டரியாக்கினார். சமுத்திரத்தை ஒருமுறை கடந்து மீண்டும் கடந்து வந்த அம்மின்னோட்டம், தாம்ஸனின் கண்ணாடியைத் திருப்பி ஒளிப்பொட்டை நகர்த்திற்று. எட்டாண்டுகளுக்கு முன் 2,000 வோல்ட் சாதிக்காததை விரல் நுனியளவு பாட்டரி சாதித்தது. பாத்திரமறிந்து பிச்சையிடு என்னும் பழமொழி மின்சாரத்திற்கும் பொருந்துமென்பது இதனால் உள்ளங்கை நெல்லிக்கனி போல் விளங்கும்.

அவ்வாண்டிலேயே தாம்ஸன் ஸர் பட்டம் பெற்றார். 1867-ல் வளைகுழாய்ப் பதிவுக் கருவியை அமைத்தார். மயிர் போன்ற கண்ணாடிக் குழாயிலிருந்து மை தெறித்து, நகரும் காகித நாடாவில் குறிகளை எழுதும். ஒளிப்பொட்டைக் கண்கொட்டாது நோக்கும் வேலை இதனால் ஒழிந்தது. 1870-ல் பம்பாயிலிருந்து ஏடன் வழியாகச் சூயஸிற்கும், 1871-ம் ஆண்டளவில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி அமைந்து, நம் நாடும் உலகத் தந்தி வலையிற் சேர்ந்தது. தாம்ஸன் வகுத்த விதிகளே அவற்றிற்கெல்லாம் ஆதாரம்.

பிற அருஞ்செயல்கள்

தந்தியால் ஈட்டிய செல்வத்தைக்கொண்டு 1870-ல் லல்லா ரூக் என்னும் பாய்க்கப்பலை வாங்கினார். கடல் வாழ்வில் கண்ட இடர்களே இவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயின. இரும்புக் கப்பலில் திசை தவறாத காந்தப் பெட்டியை அமைத்தார். பிரிட்டிஷ் கடற்படை 1889-ல் அதனை ஏற்றது. பியானோக் கம்பியைக் கொண்டு ஓடும் கப்பலிலிருந்தே ஆழம் அளக்கும் கருவியைச் செய்தார். ஆழமறியாமல் காலை விடாதே என்பது மாலுமிக்கு உயிர் காக்கும் மொழியன்றோ? கடலின் ஏற்றவற்றத்தை முன்னறிந்து கூறும் பொறியையும் அமைத்தார். அம்முறையைப் பின்பற்றி இந்தியத் துறைமுகங்களின் பொருட்டு 1879-ல் மற்றொரு பொறி செய்யப்பெற்றது. 1874-ல் மடைரா தீவைச் சேர்ந்த பிரான்ஸஸ் பிளாண்டி அம்மையாரை மறுமணம் புரிந்தார்.

1890 முதல் 1895 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராய் விளங்கினார். 1892-ல் பிரபு பட்டம் பெற்றபோது, தம் சர்வகலாசாலையின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். 1896-ல் அவர் பேராசிரியராய் ஐம்பது ஆண்டு நிறைவெய்திய விழாவில், கிளாஸ்கோவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்க நகரங்கள் பலவற்றைச் சுற்றித் திரும்புமாறு ஒரு தந்தி அனுப்பினர். எட்டு நிமிஷத்திற்குள் அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 16 மணி நேரம் காத்திருந்த 1858-ம் ஆண்டை அவர் அப்பொழுது நினைத்துப் பார்த்திருத்தல் கூடும்.

பெரியோரும் பிழையும்

கெல்வின் பிரபுவின் முடிவுகள் யாவும் நிலைபெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. பூமியின் வயதை அதே வெப்பக் கணிதத்தால் கணித்து, 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு வரை என 1862-ல் கூறினார்; பின்னர் அதனையும் குறைத்தார். உண்மையில் பூமியின் வயது 450 கோடி ஆண்டிற்கு மேற்பட்டது. அவர் கணக்கிற் பிழையில்லை. பூமியின் உட்பாகம் அசைவற்றதென்றும் அங்கே புதிதாய் வெப்பம் பிறப்பதில்லை என்றும் கொண்டதே பிழை. நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல மாறுதிசை மின்னோட்டத்தைத் தெரிந்தெடுத்தபோதும் அவர் அதனை எதிர்த்தார். காலம் அவர் கருத்தை ஏற்கவில்லை. தந்தியிலுங்கூட, நீண்ட கம்பியின் காந்தத் தன்மையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பதைப் பின்வந்த ஹெவிஸைடே காட்டினார். எடுத்துக்கொண்ட அடிப்படை எத்தகையதோ அத்தகையதே முடிவும் என்பதற்கு இவை சான்றாகும்.

1899-ல் பேராசிரியர் பதவியினின்றும் ஓய்வு பெற்றவுடன், அதே சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். பத்து வயதில் மாணவராய் நுழைந்தவர் எழுபத்தைந்தாம் வயதிலும் மாணவராகவே இருக்க விரும்பினார்! 1904-ல் அதன் வேந்தருமானார். 1907 டிசம்பர் 17-ந் தேதி லார்க்ஸ் என்னுமிடத்துள்ள தம் இல்லத்தில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே இவருடைய உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

கெல்வின் காலத்துத் தந்தி மறைந்துவிட்டது. 1988-ல் அட்லாண்டிக்கின் அடியில் முதல் ஒளியிழை வடம் இடப்பெற்றது. சென்னையையும் சிங்கப்பூரையும் 2002-ல் நேரே ஒளியிழை வடமொன்று இணைத்தது. அன்று வாங்கும் முனையில் மட்டும் நின்ற ஒளி, இன்று கம்பியின் வேலையையே ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவர் கேட்ட கேள்விகள் மாறவில்லை. நம் கலாசாலை போன்ற இடங்களில் கணிப்பொறிகளை இணைக்கும் பெட்டிகளின் துளைகளிற் செருகும் டிரான்ஸீவர் என்னும் சிறு கருவியை வாங்குவோர் இன்றும் அவற்றையே கேட்டல் வேண்டும். முதலாவது, வழி எது, தூரம் எவ்வளவு? ஒரே கட்டிடத்துள், 100 மீட்டருக்குட்பட்ட தூரத்திற்கு, செம்புக் கம்பியும் அதற்குரிய கருவியுமே போதும்; சில மீட்டரே இடைவெளியாயின் இரு முனையிலும் செருகிகள் பொருத்திய செம்பு வடம் இன்னும் மலிவு. கட்டிடத்திற்குக் கட்டிடம் செல்லுமிடத்து ஒளியிழையே நலம். கண்ணாடி இழை மின்னற் பாய்ச்சலைக் கடத்துவதில்லை. இரண்டாவது, இழை எத்தன்மையது? 50 மைக்ரான் அகலமுள்ள இழையில் ஒளிக்கதிர்கள் பல வழியாற் சென்று முன்பின்னாய்ச் சேர்வதால் குறி மழுங்கும். ஆகவே 850 நானோமீட்டர் ஒளியை வழங்கும் கருவி சில நூறு மீட்டருக்கே ஏற்றது. 9 மைக்ரான் இழையில் ஒரே வழியாதலின், 1310 நானோமீட்டர் ஒளி 10 கிலோமீட்டர் வரை செல்லும். இருமுனைக் கருவிகளும் ஒன்றற்கொன்று பொருந்தியனவாய் இருத்தல் இன்றியமையாதது. மூன்றாவது, வலிமை எவ்வளவு வேண்டும்? அனுப்பும் ஒளியின் வலிமையினின்றும் வழியில் இழக்கும் ஒளியைக் கழித்தால் எஞ்சுவது, வாங்கும் முனை உணரும் அளவிற்குக் குறையலாகாது. அது தாங்கும் அளவிற்கு மிகவுமாகாது. அதிக விலையுள்ளதே சிறந்ததென்று கருதி, 80 கிலோமீட்டருக்குரிய கருவியை 200 மீட்டர் இழையில், ஒளியைக் குறைக்கும் தடையும் இடாமற் பூட்டுவோர், ஒயிட்ஹவுஸின் பிழையையே மீண்டும் செய்வோராவர். வாங்கும் முனை குருடாகும். சில வேளை அழிந்தும் போகும்.

மாணவ நண்பர்களே! வலிமையை மிகுத்தால் எதுவும் முடியும் என்னும் எண்ணம் இளமையில் எளிதில் தோன்றும். எதிர்முனையில் இருப்பவரின் மென்குரலைக் கேட்கவல்ல செவியை ஆக்கிக்கொள்வதே அதனினும் பெரிய ஆற்றல் என்பதைக் கெல்வின் பிரபுவின் வாழ்க்கை நமக்குத் தெரிவிக்கின்றது. தம் சொல்லைக் கேளாது செய்த கம்பியையும் அவர் கைவிடவில்லை. தம்மை இகழ்ந்தவரையும் கைவிடவில்லை. முதுமையிலும் மாணவர் என்னும் பெயரைக் கைவிடவில்லை. அளந்தறிந்து செய்யும் அவ்வொழுக்கம் நம் படிப்பிலும் தொழிலிலும் நிலைபெறுமாக.